டிராகனின் வசனம்

ஒரு வீடியோ கேமின் முதல் லெவலில் ஒரு பசைப்பூதம் இருந்தது. வருகிற வீரர்கள் எல்லாரும் அதைக் குச்சியால் ஒரு தட்டு தட்டுவார்கள். அது "ப்ளக்" என்று செத்து மறுபடி முளைக்கும். அதற்கு எழுதிக் கொடுத்த வசனமே அந்த "ப்ளக்" மட்டும்தான்.

ஏழாவது லெவல் டிராகனுக்கோ நல்ல செந்தமிழ் வசனம். நினைத்தாலே பூதத்துக்கு வயிறு எரியும். ஒருநாள் பொறுக்கமுடியாமல் ஏழாவது லெவல் வரை ஊர்ந்தே போய்விட்டது.

"உங்களுக்கென்ன அண்ணே, வீரன் வந்ததும் கம்பீரமா பேசுவீங்க."

"எங்கே வந்தான்? பதினோரு வருஷமா ஒத்திகைதான். ஆறாவது லெவல் பாலத்துலயே எல்லாரும் விழுந்துடறாங்க. உன்னைத்தான் தினம் நூறு பேர் தேடி வர்றாங்க." டிராகன் பெருமூச்சு விட்டதில் எதிர்ச்சுவர் கருகியது. "என் வசனத்தை நீயாவது சொல்லிக்கோ, போ."

மறுநாள் குச்சியோடு வந்தவனைப் பார்த்துப் பூதம் முழங்கியது: "வருக வீரனே, உன் முடிவு நெருங்கிவிட்டது."

அடுத்த நொடி, "ப்ளக்."

வீரன் விழுந்து விழுந்து சிரித்தான். நண்பர்களையும் கூட்டி வந்தான். அதற்குப் பிறகு யாரும் இரண்டாவது லெவலுக்கே போவதில்லை.

முதல் லெவலில் இப்போது நீண்ட வரிசை. அதன் கடைசியில், கையில் ஒரு குச்சியோடு, டிராகன் நிற்கிறது.