மசியாத வருத்தம்

"தந்த மருந்துக் குளிசை முழுக்கக் குடிச்சனீரோ?" என்று டொக்டர் கேட்டார்.

"மடு மாதாவாணை, ஐயா. நீங்கள் இரண்டு தரம் தந்ததிலையும் ஒண்டுகூட மிச்சம் வைக்கேல்லை."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். எதிரே இருந்த மீனவன் செபமாலை கதிரை நுனிக்கு நகர்ந்தான்.

"உலக யுத்தம் தொடங்கின நேரம் இந்தக் குளிசை நாலு நாளிலை வருத்தத்தை மாத்திப்போடும். இப்ப சில கிருமி இதுக்கு மசியுதில்லை. உம்மட வருத்தமும் அந்தச் சாதி போலைதான் கிடக்கு. கொழும்பிலை பெனிசிலின் எண்டு புது ஊசி இருக்காம். எழுதிப் பாக்கிறன்." குரலைத் தாழ்த்தினார். "பெண்சாதிக்குச் சொன்னீரோ?"

"இல்லை, ஐயா. அவளுக்கு எட்டு மாசம்."

"ஐயோ! இண்டைக்கே கூட்டிக்கொண்டு வாரும். பிறக்கேக்கை இந்தக் கிருமி பிள்ளையின்ரை கண்ணிலை பட்டால் பார்வை போயிடும்."

செபமாலை தன் ஊரான பள்ளிமுனைக்கு நடந்தான். போன மாரியில் திருகோணமலைத் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனவன், அங்கே போகக் கூடாத வீடொன்றுக்கும் போயிருந்தான். குளிசைப் போத்தலைப் பழைய வலைகளுக்கு அடியில் ஒளித்துவைத்து, மனைவி அருளம்மா காணாமல் விழுங்கி வந்தான். புயலில் தோணி ஓட்டியவனுக்கு, இப்போது சொந்த வீட்டுப் படலையைத் திறக்கக் கை வரவில்லை.

அருளம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அவன் எதிரே குந்தி, நிலத்தைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தான். பிள்ளையின் கண்ணைப் பற்றிச் சொன்னபோது கத்தி நின்றது.

அவள் கத்தியைக் கழுவி ஓரமாக வைத்தாள்.

"ஏதாவது சொல்லு, அருளம்மா. உனக்கும் தொத்தியிருக்கும் எண்டு டொக்டர் பயப்பிடுறார்."

"தொத்தி மூண்டு மாசம்." அவள் வயிற்றில் கையை வைத்தாள். "நான் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊர் என்னையெல்லோ பேசும்? வலைக்குக் கீழை போத்தலைக் கண்டனான். வருத்தத்தைத் தந்தனீங்கள், மருந்தைத் தரேல்லை. அதுதான் இரண்டு தரமும் அரைவாசியை எடுத்து நான் குடிச்சனான். உங்களுக்குத் தெரியாமல் இருக்க, போத்தலுக்குள்ளை அந்தளவுக்கு அதைப்போலை வெள்ளையான அஸ்பிரினைப் போட்டு வைச்சனான்."