முதலாளிக்குக் கொடுத்த சொல்

“முப்பது வருசம் லொறி ஓட்டின மனிசனுக்கு எதுக்கு காக்கா இந்த வகுப்பு? ரெண்டு தரம் பெயிலானதோட விட்டிருக்கலாமே!” என்று அண்ணன் முறை வைத்துச் சிரித்தான் பக்கத்து வாங்குப் பலகையில் இருந்த செபரட்ணம்.

“எப்பிடி விடுற? படிச்சு முடிக்கிறன் எண்டு முதலாளிக்குச் சொல் குடுத்திட்டன்,” என்றார் ஆதம்பாவா. “லீவு தந்து, கொப்பி வாங்கித் தந்து, வீட்ட வந்தா பாடமும் கேட்ட மனிசன்.”

“எங்கட ஆள் லீவு எண்டு வாய் திறந்தாலே பாய்வார். உங்கட முதலாளி தங்கம்!”

அக்கரைப்பற்றில் நடந்த சாரதிப் பயிற்சியின் கடைசி நாள் அது. சான்றிதழைக் கொடுத்த நேசராசா மாஸ்டர், “உங்கட முதலாளிய ஒருக்காக் கூட்டி வாங்க, கண்டு கதைக்கோணும்,” என்றார்.

“அவர் வரமாட்டார் சேர். நான்தான் போய்க் காட்டோணும்.”

சான்றிதழை மடிக்காமல் நெஞ்சோடு பிடித்தபடி கல்முனைக்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கினார். வீட்டுக்குப் போகவில்லை. மையவாடி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, இன்னும் புல் முளைக்காத ஒரு கபுறின் மண்மேட்டருகே குந்தினார்.

“அஸ்ஸலாமு அலைக்கும், முதலாளி.”

அவன் சொந்தமாய் லொறி வாங்கிய நாளிலிருந்து அவனை அப்படித்தான் பகிடியாகக் கூப்பிடுவார். ‘சும்மா இருங்க வாப்பா’ என்று அவனும் வெட்கப்படுவான்.

சான்றிதழை மண்ணின் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

“இஞ்ச பாருங்க மகன், வாப்பா பாஸாகிட்டன்.”