வால் முளைத்த புள்ளி

“இது என்னய்யா?”

கரும்பலகையைக் காட்டிக் கேட்டார் தெய்வசிகாமணி. சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு மாற்றலாகி வந்த எஞ்சினியர். வயர்மேன் லைசென்ஸுக்குப் பரீட்சை வைக்கிறவர் அவர்தான்.

“ரெசிஸ்டன்ஸ் சார்,” என்றான் கன்னியப்பன். “வோல்ட் இருநூத்தி இருபது. ஆம்பியர் எட்டு. வகுத்தா இருபத்தேழரை ஓம்.”

“கணக்கு சரி. இருபத்தேழுக்கும் அஞ்சுக்கும் நடுவுல ஏன் கமா போட்டே? புள்ளியில்ல வைக்கணும்?”

“கமாவே இருக்கட்டும் சார்.”

காய்கறிக்காரியிடம் பேரம் பேசுகிற மாதிரி சொன்னான். தெய்வசிகாமணிக்குச் சுருக்கென்றது.

பிரெஞ்சுக்காரன் கணக்கில் புள்ளிக்குப் பதில் கமாதான் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் அவன் கொடியை இறக்கிக்கொண்டு போய் மூன்று வருஷமாகிறது. போன பரீட்சையில் ராஜாங்கம் என்கிற பழைய வயர்மேன் ஒன்றே முக்கால் கிலோவாட் சொச்சத்தை ‘1,760’ என்று எழுதி வைத்தார்.

“ஆயிரத்து எழுநூத்து அறுபது கிலோவாட்டா? ஊரையே கொளுத்தப் பாக்கிறீரா?” என்று சொல்லி ஃபெயில் பண்ணினார் தெய்வசிகாமணி.

லைசென்ஸ் இல்லாதவர் வயரில் கை வைக்கக் கூடாது என்று புது உத்தரவு. அன்றிலிருந்து ராஜாங்கம், தன்னைவிடப் பாதி வயசுக்காரர்களுக்கு ஏணி பிடித்துக்கொண்டு நிற்கிறார். எஞ்சினியருக்கும் அதில் வருத்தம்தான். ஆனால் ஒருத்தருக்காக விதியை வளைக்க முடியுமா?

“நீ எங்க படிச்சே?” என்று கன்னியப்பனைக் கேட்டார்.

“மாமா வூட்ல தங்கி, திண்டிவனத்துல சார்.”

“அங்க புள்ளிதானே சொல்லிக் குடுத்தாங்க? இங்க வந்து பிரெஞ்சுக் கட்சியில சேந்துட்டியா?”

“நானா? எங்க அண்ணன் கொடி புடிச்சிக்கினு போயி, பிரெஞ்சு போலீசுகிட்ட மண்டை உடைஞ்சவரு சார்!”

“அப்ப கமாவை அழிச்சிட்டுப் புள்ளி வை.”

கன்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டான். அழிக்கவில்லை.

அடுத்து முருகையன். ஆளுக்கொரு கம்பிச் சுருளை மாட்டி, மீட்டர் பார்த்துக் கணக்குப் போடச் சொன்னதால் காப்பியடிக்க வழியில்லை. முருகையன் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்துத் தொலைத்தான். சோறு வடிக்கிற அடுப்புக்கு அவன் கொடுத்த பவர், ஒரு பல்பு எரியத்தான் காணும். விடை அத்தனையும் தப்பு. கமா மட்டும் அம்சமாக உட்கார்ந்திருந்தது.

அதற்கடுத்தவனும் கமா. அவனுக்கு அடுத்தவனும் கமா.

தெய்வசிகாமணிக்குக் காது சூடேறியது. வெளியூர்க்காரன் என்று கூட்டம் போட்டுக் கேலி பண்ணுகிறார்களா? இருக்கட்டும், ஒருத்தன் பாக்கியில்லாமல் ஃபெயில் பண்ணிவிடலாம் என்று கறுவிக்கொண்டார்.

ஒன்பதாவது ஆளாக, கடைசியில் ராஜாங்கம் வந்தார். இரண்டு மீட்டரையும் பார்த்தார். யோசிக்கவே இல்லை.

“சைபர் விர்குல் எண்பத்தெட்டு கிலோவாட், முசே.”

அவர் வாயில் கமாவுக்கும் பிரெஞ்சுப் பேர். சாருக்கும் பிரெஞ்சுப் பேர்.

“எழுதுங்க.”

சாக்கட்டியை எடுத்து சைபர் போட்டார். பக்கத்தில் ஜாக்கிரதையாக ஒரு புள்ளி வைத்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். எண்பத்தெட்டு எழுதி முடித்துப் பார்த்தால், புள்ளிக்கு வால் முளைத்திருந்தது.

“வூட்ல நெதம் எழுதிப் பழகறேன் முசே. வெரலு கேக்க மாட்டேங்குது.”

“போய் வெளியில உக்காருங்க.”

தெய்வசிகாமணி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு ராஜாங்கத்தை ஃபெயில் பண்ணியபோது ஏனென்று கேட்க ஆளில்லை. இன்றைக்கு ஒன்பது பேரையும் பண்ணினால் மேலதிகாரி கேட்பார். என்ன பதில் சொல்வது? கணக்கு சரி, புள்ளியின் வால்தான் தப்பு என்றா? நினைத்தபோது அவருக்கே வெட்கமாக இருந்தது.

விடை சரியென்றால் கமாவும் செல்லும் என்று முடிவு செய்தார். முருகையனைத் தவிர அத்தனை பேரும் பாஸ்.

வெளியே ஒரே ஆரவாரம். ராஜாங்கத்தின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தான் ஒருவன். எட்டிப் பார்த்தால், ஃபெயிலான முருகையன்!

தெய்வசிகாமணி கன்னியப்பனை உள்ளே கூப்பிட்டார்.

“உங்க கூட்டம் ஜெயிச்சிட்டுது. இப்பவாவது உண்மையைச் சொல்லு. புள்ளி வைக்கத் தெரிஞ்ச நீங்கல்லாம் எதுக்குய்யா கமா போட்டீங்க? உங்களுக்கும் லைசென்ஸ் போயிருந்தா?”

கன்னியப்பன் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார். அவரு கை புள்ளிக்குத் திரும்பல. அதான் நாங்க எல்லாரும் கமாவுக்குத் திரும்பிட்டோம்.”