பச்சமுத்து வீட்டு ஐஸ்பெட்டி

நல்லம்பள்ளியிலேயே சீமெண்ணெயில் ஓடும் ஐஸ்பெட்டி பச்சமுத்து வீட்டில் மட்டும்தான் இருந்தது. தினமும் தன் கையாலேயே துடைத்து, அடியிலிருக்கும் விளக்கை ஏற்றிவிட்டுத்தான் காட்டுக்குப் போவார். திரும்பியதும் மனைவி பாவாயி அதற்குள்ளிருந்து ஜில்லென்று மோர் எடுத்துக் கொடுப்பாள்.

யுத்தம் முடிந்த வருஷம் சேலத்திலிருந்து வந்த ரிப்பேர்காரர் அடியிலிருந்த விளக்கைக் குனிந்து பார்த்து அசந்துபோனார்.

"மத்த ஊருல எல்லார் வூட்டுலயும் புகைபிடிச்சுக் கெடக்குது. இது புதுசாட்டம் இருக்குதுங்களே!"

பச்சமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. "எல்லாம் நாம பாத்துக்கிறதுல இருக்குதுங்க. சீமெண்ணெய்கூட ரொம்பக் குடிக்காது!"

பாவாயிக்குப் பொறுக்கவில்லை.

"யாருங்க பாத்துக்கிட்டது? அடியில தீ எரிஞ்சா உள்ள மோரு கொதிச்சிராதுங்களா? நீங்க அந்தாண்ட போனதுமே ஊதி அணைச்சிருவேன். மோர்ப்பானை கெணத்தடி ஈரமணல்லதான் இருக்கும். உங்க செருப்புச் சத்தம் கேட்டதும் தூக்கி உள்ள வச்சிருவேன்!"