இரண்டு பல் தள்ளி

வேகம் ஒரு தவம், அது எல்லோருக்கும் கைகூடாது என்று கார் கிளப்பின் வாட்ஸப் குழுவில் அறிவித்திருந்த வெள்ளியங்கிரியின் கார், இன்ஜின் வால்வுகளைத் திறந்து மூடும் ரேஸ் கேம்ஷாஃப்ட் மாட்டியதிலிருந்து மூன்று நாட்களாக ஷெட்டை விட்டு நகரவில்லை. சாவியைத் திருப்பினால் இருமியது, உதறியது, நின்றது. மறுநாள் காலை பந்தயம். அதைச் சுழற்றும் டைமிங் பெல்ட்தான் போலி என்று மூன்று பெல்ட் மாற்றிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் மனைவியின் அண்ணன், மெக்கானிக் நஞ்சப்பனைக் கூப்பிட்டார்.

“எந்தப் புள்ளிய நேரா வெச்சு பெல்ட்ட மாட்டுனீங்க, மாப்ள?”

“பெல்ட் ஓடற பல்சக்கரம், இந்தப் புல்லியில மஞ்சளா இருக்குது பாருங்க மச்சான். கம்பெனி வெச்ச புள்ளி. உங்க ஓட்டை வண்டிகள்ல இதெல்லாம் இருக்காது.”

நஞ்சப்பன் கட்டைவிரலால் தேய்த்தார். புள்ளி விரலோடு வந்துவிட்டது. முகர்ந்து பார்த்தார்.

“ஏனுங் மாப்ள, கம்பெனியில சந்தனம் வெச்சா அனுப்பறாங்க?”

உண்மையான கோடு இரண்டு பல் தள்ளி இருந்தது. பெருமூச்சு விட்டுக்கொண்டே, சிலிண்டர்களில் காற்றழுத்தம் நிற்கிறதா என்று கம்ப்ரஷன் பார்த்தார். மூன்றாம் சிலிண்டரில் காற்றே நிற்கவில்லை.

“பெல்ட்டு தப்பா மாட்டுனதுல பிஸ்டன் இடிச்சு வால்வு வளைஞ்சு போச்சுங்க. நாளைக்கு ரேஸ் கெடையாது.”

“வீட்டுப் பொம்பளைங்கள ஷெட்டுக்குள்ள விட்டா இப்படித்தான் ஆகும்!” என்று வெள்ளியங்கிரி சீறினார். “எதப் பாத்தாலும் பூஜை, பொட்டு!”

கதவோரம் நின்றிருந்த அவர் மனைவி லோகநாயகி செல்போனை அண்ணனிடம் நீட்டினாள். போன வாரம், கேம்ஷாஃப்ட்டை மாட்டும் முன் எடுத்த படம். அதில் கண்ணை மூடிக்கொண்டு புல்லிக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தவர் வெள்ளியங்கிரி.