நிற்காத தொடர்கதை

லஸ் போகும் டிராமுக்குள் மாலைக் காற்று புகுந்து, கோதண்டபாணியின் ஒட்ட வெட்டிய தலையை வருடுகிறது. ஆகஸ்ட் போராட்டத்தில் பிடிபட்டுப் பெல்லாரிச் சிறைக்குப் போன பத்திரிகாசிரியர் இன்றுதான் மயிலாப்பூர் திரும்புகிறார். அங்கே ஒரு கடிதம்கூட அவர் கைக்கு வரவில்லை. ஆசிரியரும் அவரே, தொடர்கதை எழுதியவரும் அவரே. அதனால் பத்திரிகை என்றைக்கோ நின்றிருக்கும், கதாநாயகி கமலம் இன்னமும் எழும்பூர் ரயிலடியிலேயே தனியாக நின்றுகொண்டிருப்பாள் என்று வழி முழுக்க நெஞ்சு கனத்தபடி வருகிறார். முன் பெஞ்சில் ஒரு குமாஸ்தா, சாய்ந்த வெயிலில் ஒரு வாரப் பத்திரிகையை விரித்துப் பக்கத்திலிருப்பவருக்கு வாசித்துக் காட்டுகிறார். அட்டையில் இருப்பது கோதண்டபாணியின் பத்திரிகைப் பெயர்தான். டிக்கெட் கட்டைக் கையில் வைத்தபடி கண்டக்டரும் நின்று கேட்கிறான். “கோபத்தை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வாருங்கள், ரசம் ஆறுகிறது” என்று கதையில் கமலம் புருஷனிடம் சொல்கிறாள். கோதண்டபாணியின் கை கம்பியை இறுகப் பற்றுகிறது. கல்யாணமான நாளாக அவர் மனைவி ரத்னா சொல்கிற பேச்சு அது. அவளைத் தவிர வேறு யாரும் இதை எழுதியிருக்க முடியாது. முகத்தை வெளிப்புறம் திருப்பிக்கொள்கிறார். ராயப்பேட்டைக் கடைகள் கலங்கலாக நகர்கின்றன.

“அப்பால இன்னா ஆச்சு சார்?” என்கிறான் கண்டக்டர்.

“தொடரும்னு போட்டுட்டாங்கப்பா” என்று குமாஸ்தா பத்திரிகையை மடிக்கிறார்.

கண்டக்டர் சலித்துக்கொண்டு கோதண்டபாணியின் பக்கம் திரும்புகிறான். “நீ படிச்சிகீறியா நைனா? அந்த ஆளு உள்ள போனானா இல்லியா?”

கோதண்டபாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார். “தெரியலையேப்பா. வீட்டுக்குப் போய்த்தான் கேக்கணும்.”