ஓடும்போதே மாற்றுகிறவர்

தையல் கடையின் பின்முற்றத்தில், மதிய வெயிலில், ஜெனரேட்டர் இருமி இருமி ஓடுகிறது. பெட்ரோல் தீரப்போகிறது, பக்கத்தில் கேஸ் சிலிண்டர் தயாராக நிற்கிறது. ஒரு பொத்தான்கூடத் தைத்தறியாத கடை முதலாளி, தையல்காரியின் அக்கா கணவர், தோளில் போனை இடுக்கிக்கொண்டு எரிபொருள் மாற்றும் குமிழில் கை வைக்கிறார். "நிறுத்திட்டு மாத்துங்க மாமா," என்கிறாள், கையில் கத்தரிக்கோலோடு வந்து நிற்கும் தையல்காரி. "ஓடும்போதே மாத்துறவன்தாம்மா ஆம்பள. நீ போய் ஊசியக் கோரு." குமிழ் திரும்புகிறது. டப்பென்று வெடித்து ஜெனரேட்டர் திமிறுகிறது. பெட்ரோல் கசிந்து, கொதிக்கும் சைலன்சருக்கு ஒரு விரல் தள்ளிச் சொட்டுகிறது. மூன்றே தாவலில் சுவரோரம் போய்விட்ட மாமா, "ஒண்ணுமில்ல, மட்டமான மிஷின்," என்று போனில் சொல்கிறார். அவள்தான் ஸ்விட்சை அணைக்கிறாள், சிலிண்டரை மூடுகிறாள், பெட்ரோல் குழாயை அடைக்கிறாள். உள்ளே எட்டுத் தையல் மிஷின்களும் ஓய்கின்றன. குமிழுக்கு மேலே, எச்சரிக்கை வாசகத்தை மறைத்து மாமா ஒட்டிய ஸ்டிக்கரில் அவரே கைகட்டிச் சிரிக்கிறார். ஓரத்தில் ‘மாற்றவும்’ என்பது மட்டும் தெரிகிறது. கத்தரிக்கோல் நுனியை அந்தத் தாடைக்கடியில் செருகி அவள் சுரண்டுகிறாள். முதலில் வாய் உரிகிறது. அது இருந்த இடத்தில், சிவப்பெழுத்தில், ‘நிறுத்திவிட்டு’.